மாத்திரைக்கு ஏழு நிமிடம்

மெலட்டோனின் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவருக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவரைவிடச் சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. 19 சோதனைகளில் கலந்துகொண்ட 1,683 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. மொத்தத் தூக்கம் கூடியது எட்டு நிமிடம். தொடர்ந்து சாப்பிட்டாலும் இந்தப் பலன் மங்கவில்லை, பக்கவிளைவுகளும் குறைவு என்பதையும் அந்த ஆய்வு சொல்லத் தவறவில்லை. 'இயற்கையான தூக்க மருந்து' என்ற பெயரில் இன்று விற்பனையாகும் சரக்குகளிலேயே அதிகம் ஆராயப்பட்டது மெலட்டோனின்தான். அதற்கே கிடைத்த மதிப்பெண் ஏழு நிமிடம்.

இரவு இரண்டு மணிக்கு உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பவருக்கு ஏழு நிமிடமும் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது எது என்ற கேள்வியை யாரும் கேட்காமலேயே குப்பி கைக்கு வந்துவிடுகிறது. உடலில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது, அதை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. தூக்கம் கெட்டவர்களில் மிகப் பலருக்குக் கெட்டிருப்பது நேரம், வெளிச்சம், வெக்கை, படுக்கையோடு மனத்துக்கு உள்ள உறவு. சிலருக்கு மூச்சுப்பாதை. சிலருக்கு, அதுவும் நம் ஊர்ப் பெண்களில் கணிசமானோருக்கு, இரும்புச்சத்து. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. இதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

மெலட்டோனினைக் கண்டுபிடித்தவர் தூக்கத்தைத் தேடியவர் அல்லர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக இருந்த ஆரன் லெர்னர், வெண்புள்ளி போன்ற நிறமிக் கோளாறுகளுக்கு வழி காணும் முயற்சியில், மாடுகளின் கூம்புச் சுரப்பியிலிருந்து 1958இல் அதைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலை வெளுக்க வைத்த அந்தப் பொருள் மனிதத் தோலுக்கு உதவவில்லை. அதன் உண்மையான வேலை பின்னால்தான் தெரியவந்தது. மாலை இருட்டத் தொடங்கியதும் மூளையின் நடுவே உள்ள அந்தச் சிறு சுரப்பி அதைச் சுரக்க ஆரம்பிக்கிறது, விடியும்போது நிறுத்திவிடுகிறது. கண்ணில் பலமான வெளிச்சம் பட்டால் நள்ளிரவிலும் சுரப்பு நின்றுபோகும் என்பதை 1980இல் ஆல்பிரட் லூயி குழுவினர் காட்டினார்கள். ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும் நேரம் என்று ஊருக்குத் தெரியும், ஆனால் தறியை ஓட்டுவது சங்கு அல்ல. மெலட்டோனினும் அப்படித்தான். இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்வது அதன் வேலை. தூங்க வைப்பதில் அதன் பங்கு சிறியது.

எனவே நேரம் குழம்பியவர்களுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. பார்வையை முழுதும் இழந்தவர்கள் சிலருக்கு உடல் கடிகாரம் வெளிச்சத்தின் பிடியில்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவிக்கொண்டே போகும். சில வாரம் இரவில் தூக்கம், சில வாரம் பட்டப்பகலில் தூக்கம் என்று வாழ்க்கை சிதறும். 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட ஏழு பேரில் ஆறு பேருக்கு மெலட்டோனின் அந்தக் கடிகாரத்தை 24 மணி நேரச் சுழற்சிக்குள் கட்டிப்போட்டது. ஐந்தும் அதற்கு மேலும் நேர மண்டலங்களைத் தாண்டிப் பறப்பவர்களின் களைப்புக்கும், சென்று சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் எடுத்தால், அது உதவுகிறது என்று 2002இல் காக்ரேன் அமைப்பின் மருத்துவ மதிப்பாய்வு சொன்னது. சென்னையிலிருந்து நியூயார்க் போய் இறங்குபவருக்கு அதில் நியாயமான பயன் உண்டு. கடன் கவலையில் தூங்காதவருக்கு அந்தப் பயன் எப்படிக் கிடைக்கும்?

அளவிலும் ஒரு பெரிய பிசகு நடக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ளவர்களை வைத்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில் 0.3 மில்லிகிராமே நன்றாக வேலை செய்தது. உடல் தானாக இரவில் எட்டும் அளவை ஒட்டிய அளவு அது. பத்து மடங்கான 3 மில்லிகிராம் கொடுத்தபோது உடல் வெப்பம் கூடுதலாகத் தணிந்தது, ரத்தத்தில் மெலட்டோனின் மறுநாள் பகலிலும் தங்கியது. கடைகளில் 3, 5, 10 மில்லிகிராம் என்று விற்கிறார்கள். அதிகம் என்றால் நல்லது என்று நினைத்துப் பெரிய எண் போட்ட குப்பியை எடுப்பவர், பகல் முழுதும் உடலுக்கு இரவுச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

குப்பியின் மேல் போட்டிருக்கும் எண்ணையாவது நம்பலாமா என்றால், அதுவும் முடியவில்லை. கனடாவில் 31 மெலட்டோனின் சரக்குகளை வாங்கிச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், சொன்ன அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டுச் சரக்குகளில் செரட்டோனினும் கலந்திருந்தது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்தாகலாம். 2023இல் அமெரிக்காவில் மெலட்டோனின் மிட்டாய்கள் 25ஐச் சோதித்தார்கள். 22இல் அளவு தவறு. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மிட்டாய் வடிவில் வருவதால் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடுகிறார்கள் என்பது இன்னொரு துயரம். மெலட்டோனின் விழுங்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012இல் 8,337. 2021இல் 52,563. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது உணவுச் சேர்க்கை என்ற வகையில் தாராளமாக விற்கப்படுகிறது. பிரிட்டனில் அதே பொருளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கமே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

இயற்கையான பொருள்தானே, கெடுதல் செய்யாது என்று சொல்பவர்களுக்கு 1989ஐ நினைவூட்ட வேண்டும். டிரிப்டோபான் என்பது பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் அமினோ அமிலம். உடல் அதிலிருந்துதான் செரட்டோனினையும் மெலட்டோனினையும் செய்துகொள்கிறது. தூக்கத்துக்கு நல்லது என்று அமெரிக்கர்கள் அதை வில்லைகளாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் தாங்க முடியாத தசைவலியோடும், ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியும் ஆட்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடம் பிடித்துப் போனபோது, பெரும்பாலும் ஒரே ஜப்பானிய ஆலையின் சரக்கு என்றும், அதில் மாசு சேர்ந்திருந்தது என்றும் தெரிந்தது. டிரிப்டோபான் இயற்கைதான். பீப்பாய் பீப்பாயாக அதைத் தயாரித்த முறையில்தான் நஞ்சு புகுந்தது.

இதைச் சொன்னால் இரவில் பால் குடிப்பதையே சந்தேகிக்கிறார்கள். அது வேண்டாம். ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் டிரிப்டோபான் இருக்கும். ஆய்வுகளில் பயன் தெரிந்தது ஒரு கிராமிலும் அதற்கு மேலும். ஆகவே தூக்கம் பாலில் உள்ள வேதிப்பொருளால் வருகிறது என்று சொல்ல இடமில்லை. பசி அடங்குகிறது, வயிறு இதமாகிறது, அன்றைய வேலை முடிந்தது என்று உடலுக்குப் புரிகிறது. அதுவே போதுமான காரணம்.

அடுத்து அமுக்கரா. அஸ்வகந்தா என்று இப்போது உலகம் முழுதும் விற்கப்படும் கிழங்கு. மற்றெல்லா மூலிகைகளையும்விட இதற்குச் சான்று கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. 400 பேர் கலந்துகொண்ட ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கத்தில் சிறிய, ஆனால் உறுதியான முன்னேற்றம் தெரிந்தது. தூக்கமின்மை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ எட்டு வாரத்துக்குக் குறையாமல் எடுத்தபோதுதான் பலன் நன்றாகத் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, ஆய்வுக் காலமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று, அந்தச் சோதனைகளில் கொடுக்கப்பட்டது ஆலையில் செறிவூட்டிய சாறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணம் அது அன்று. சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, கிராம்பு, ஏலம், சர்க்கரை எல்லாம் சேரும், கிழங்கும் இடித்த தூளாகவே சேரும். ஒன்றுக்குக் கிடைத்த முடிவை மற்றொன்றின் மேல் ஒட்டி விற்பது சரியில்லை. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2017இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு, தூக்கம் தரும் பொருளை இதன் இலையில் கண்டது. நாம் சாப்பிடுவது வேர்க்கிழங்கை. இப்படிச் சிறு சிறு முரண்கள் இன்னும் அவிழாமல் இருக்கின்றன.

கல்லீரல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2023இல் டென்மார்க் இதைத் தடையே செய்துவிட்டது. கோடிக்கணக்கானோர் எடுக்கும் பொருளில் இது அரிதுதான், அந்த ஐந்து பேரில் தொடர்ந்து கண்காணிக்க முடிந்த நான்கு பேரும் தேறிவிட்டார்கள். ஆனாலும் கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. நல்ல சித்த மருத்துவர் நாடி பார்த்து, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு மண்டலம் என்று கணக்குச் சொல்லித் தருவார். கைப்பேசியில் ஆர்டர் செய்த குப்பி எதையும் கேட்பதில்லை.

வலேரியன் வேருக்கு ஐரோப்பாவில் உள்ள புகழ் அளவுக்குச் சான்று இல்லை. மக்னீசியம் பற்றி முதியவர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சிறியவை, தரமும் போதாது. சாதிக்காயைச் சிட்டிகை அளவு பாலில் போட்டுக் குடிப்பதில் பெரியவர்களுக்குத் தீங்கில்லை, ஆனால் முழுக் காயை அரைத்துக் குடித்தால் நெஞ்சு படபடத்து மனம் பிதற்றும் நிலைக்குப் போகும். பச்சைக் குழந்தைக்கு உரைகல்லில் வசம்பும் சாதிக்காயும் இழைத்துப் புகட்டும் வழக்கத்தை இனி விட்டுவிட வேண்டும். வசம்பு சேர்ந்த உணவை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது. கசகசாவை இரவுப் பாலில் அரைத்துக் குடிப்பவர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் அதை மூட்டை கட்ட வேண்டாம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவை உடைத்துப் போட்டுவிடும்.

இத்தனை சரக்குகளுக்கு நடுவே, கடையில் தூக்கத்துக்கென்று யாரும் விற்காத ஒன்று இருக்கிறது: இரும்பு. அது குறைந்தால் காலில் தெரியும். மாலை மயங்கினால் கால் குடைய ஆரம்பிக்கும். வலி என்று சொல்ல முடியாது, உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி இருக்கும். படுத்தால் கூடும், எழுந்து நடந்தால் விடும், மறுபடி படுத்தால் மறுபடி வரும். துணியைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு படுக்கும் பெண்களும், பிள்ளைகளை ஏறி மிதிக்கச் சொல்லும் பெண்களும் நம் வீடுகளில் எத்தனையோ பேர். வேலை செய்த அலுப்பு என்று சொல்லி அவர்களும் விட்டுவிடுகிறார்கள், நாமும் விட்டுவிடுகிறோம். சுவீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945இல் இதைத் தனி நோயாக விவரித்தார். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குள்ள உறவு 1950களிலேயே தெரிந்துவிட்டது. மூளையின் சில பகுதிகளுக்கு இரும்பு போதாமல் போனால் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஒழுங்கு குலைகிறது, அது அந்திக்குப் பிறகு காலில் தெரிகிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவீதம். இத்தனை பேர் உள்ள மாநிலத்தில், தூக்கம் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'கால் குடையுதாம்மா?' என்பதுதான். அடுத்தது ஃபெரிட்டின் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். இந்தக் கால் நோய் உள்ளவர்களுக்கு அந்த அளவு லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று 2018இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. வழக்கமான ஆய்வுக்கூட அறிக்கையில் இதைவிட மிகக் குறைந்த எண்ணையும் 'நார்மல்' என்று போட்டிருப்பார்கள், அதனால் மருத்துவரிடம் கால் குடைச்சலைச் சேர்த்துச் சொல்வது அவசியம். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதை மோசமாக்கும். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு காபி டீ குடித்துக்கொண்டு போட்டால் இரும்பு சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாகச் சேரும். பரிசோதிக்காமல் இரும்பைச் சாப்பிடுவதும் தவறு. தேவையில்லாத இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் தங்கிக் கெடுக்கும்.

மூச்சுப்பாதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. பலமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பேருந்தில் உட்கார்ந்ததும் கண் செருகுவது ஆகியவை அடையாளம். ஆழ்ந்த தூக்கம் என்று குறட்டையைப் பாராட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இவர்களுக்கு எந்த மூலிகையும் பயன்படாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் அடைக்கும்.

இந்த இரண்டும் இல்லாதவருக்குத் தூக்கம் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால், எதை மாற்றலாம் என்பது தானாகத் தெரியும். சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இரண்டு விசைகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் ஏறிக்கொண்டே போகும் தூக்கப் பசி. மற்றது, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடல் கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒத்துவந்தால் கண் சொக்குகிறது.

தூக்கப் பசியை மூளைக்குத் தெரிவிக்கும் பொருள்களில் ஒன்று அடினோசின். காபியில் உள்ள கஃபீன் அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பசி தீரவில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும். 2013இல் நடந்த சோதனையில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தைப் பறித்தது. ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் அலுவலகத்தில் நாலு மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, விருந்தாளி வந்தார் என்று எட்டு மணிக்கு ஒன்று என்று கூட்டிப் பாருங்கள். மெலட்டோனின் தரும் ஏழு நிமிடத்தைவிட மாலைக் காபியை நிறுத்துவதில் கிடைப்பது பெரிது என்றே கருதுகிறேன்.

கடிகாரத்தைத் திருத்த மலிவான வழி காலை வெளிச்சம். மேகமூட்டமான காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள் சில நூறுகூட இருப்பது அரிது. எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பவருக்கு இரவுச் சுரப்பு நேரத்துக்குத் தொடங்கும். திரை வெளிச்சத்தின் கெடுதலைக் கொஞ்சம் அளவுக்கு மீறியே பேசுகிறோம். படுக்கும் முன் நாலு மணி நேரம் மின்புத்தகம் படிக்கவைத்த 2015ஆம் ஆண்டு ஆய்விலேயே தூக்கம் தள்ளிப்போனது பத்து நிமிடம். கைப்பேசியின் வெளிச்சத்தைவிட, அதில் வரும் சண்டையும் செய்தியும்தான் ஆளை எழுப்பி உட்கார வைக்கின்றன.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக எல்லாப் பெரியவர்களுக்கும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது மருந்தை அன்று, தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையை. அதற்கு முந்தைய ஆண்டில் 20 சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் 19 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், நடு இரவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் கூடியதோ எட்டு நிமிடத்துக்கும் குறைவு, மெலட்டோனினைப் போலத்தான். அப்படியானால் என்ன லாபம் என்று கேட்கலாம். தூக்கமின்மை என்ற துன்பத்தில் பாதி, தூக்கம் வராமல் படுக்கையில் கிடப்பது. அந்தக் கிடப்பை இது அகற்றுகிறது, சிகிச்சை முடிந்த பிறகும் பலன் நிற்கிறது.

அதன் மையத்தில் இரண்டு பழைய யோசனைகள் உள்ளன. ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்னது எளிது: தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுக்கைக்குப் போ, தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வா, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழு. மாதக்கணக்கில் விழித்தபடி புரண்ட படுக்கை, மூளைக்கு விழிப்பின் இடமாகிவிடுகிறது. அந்த உறவை அறுக்க வேண்டும். நம் பாய் இதைத் தானாகவே செய்து வந்திருக்கிறது. இரவு விரிப்பது, விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்துவது. பகலில் படுக்கை என்ற ஒன்றே வீட்டில் இருக்காது. கட்டிலும் மெத்தையும் வந்த பிறகு அதன் மேலேயே சாப்பாடு, மடிக்கணினி, அலுவலகக் கூட்டம், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் நடக்கின்றன.

ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் சொன்ன இரண்டாவது யோசனை முதலில் கொடுமையாகத் தோன்றும். இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழும் ஒருவர், நடுவே விட்டு விட்டு ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்தில் 69 சதவீதமே தூக்கம். தூக்கம் போதவில்லை என்று அவர் ஒன்பது மணிக்கே படுத்தால் விழிப்புத்தான் கூடும். இந்த முறையில் அவர் பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. முதல் வாரம் அசதியாகத்தான் இருக்கும். தூக்கப் பசி ஏறி, படுத்த உடனே கண் மூடும், நடு இரவு ஒட்டிக்கொள்ளும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 சதவீதம் தூக்கமாகிவிட்டால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவரலாம். இப்படி வாரம் வாரமாக நீட்டிக்கொண்டு போவது. ஓட்டுநர்கள், வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. அறையை இருட்டாக்கு, இரவில் லேசாகச் சாப்பிடு என்று பத்திரிகைகள் போடும் பட்டியலை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலைக் கடைப்பிடித்தும் தூக்கம் வராதவர்கள் தங்களையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

வெந்நீர்க் குளியல் பட்டியலில் வரும் விஷயம்தான் என்றாலும் அதற்குத் தனி மரியாதை உண்டு. 40 முதல் 42.5 டிகிரி சூடான நீரில், படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, பத்து நிமிடம் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 2019இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. சுடுநீர் கை கால் தோலின் ரத்த நாளங்களை விரிக்கிறது. உள்ளுடம்பின் சூடு அந்த வழியே வெளியேறுகிறது. உள்ளே சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும்.

இங்கேதான் நம் ஊர் குறுக்கே வந்து நிற்கிறது. உடம்பு சூட்டை வெளியே தள்ள, வெளியே உள்ள காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு முழுதும் அதைக் கீழே இறக்குகிறது. மே மாதச் சென்னையில், மேல்தளத்து ஒற்றை அறையில், மின்விசிறி சுற்றச் சுற்ற அனல்தான் இறங்கும். ஈரத்துணியைத் தரையில் விரித்துப் படுக்கிறார்கள். மொட்டை மாடிக்குப் போனால் கொசு. 68 நாடுகளில் 47,000க்கும் மேற்பட்டோரின் கைப்பட்டைப் பதிவுகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளில் சராசரியாக 14 நிமிடத் தூக்கம் போனது. மெலட்டோனின் தருவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கை வெக்கை எடுத்துக்கொண்டுவிடுகிறது. முதியவர்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளில் வசிப்பவர்களுக்கும் இழப்பு இதைவிடப் பெரிது.

சென்னையின் வருமானம் குறைந்த மக்களின் தூக்கத்தை நேரடியாக அளந்த ஆய்வு 2021இல் வெளியானது. பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்ற ஐந்து பொருளியலாளர்கள் 452 பேருக்கு ஒரு மாதம் தரவுப் பதிவு வேலை கொடுத்து, கைப்பட்டை கட்டித் தூக்கத்தைக் கணக்கெடுத்தார்கள். படுக்கையில் எட்டு மணி நேரம், தூக்கம் ஐந்தரை மணி நேரம். மேலே சொன்ன உதாரண மனிதரின் அதே கணக்கு. ஆனால் இவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது பழக்கம் அல்ல. வெப்பம், கொசு, தெருச் சத்தம், விளக்கு வெளிச்சம், நெரிசல். கண்பட்டை, காதடைப்பான், மின்விசிறி, நல்ல படுக்கை எல்லாம் கொடுத்து, ஊக்கமும் அளித்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. மெலட்டோனின் தராத அளவு. இருந்தும் வேலைத்திறனில், நல்லுணர்வில், கவனத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இல்லை. துண்டு துண்டான தூக்கத்தை அதே சூழலில் கொஞ்சம் நீட்டியதால் தரம் மாறவில்லை என்பது ஒரு விளக்கம், எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு பிரிவினருக்கு, வேலை செய்யும் இடத்திலேயே, அமைதியான மூலையில், மதியம் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, மனம் தெளிந்தது, சேமிப்புக்கூடக் கூடியது. சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிட வேலைத்திறனும் உயர்ந்தது. அந்த நேரமும் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியை அது முழுதாக ஈடுகட்டவில்லை என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. பகல் தூக்கம் கூடாது என்று சித்த மருத்துவமும் சொல்கிறது, தூக்கமின்மைச் சிகிச்சையும் சொல்கிறது. இரவில் நல்ல அறையும் நல்ல படுக்கையும் உள்ளவருக்கு அது பொருந்தும். இரவே தூக்கத்துக்கு உதவாத வீட்டில் இருப்பவருக்கு மதியத்து அரை மணி நேரம்தான் நாளின் நல்ல தூக்கம்.

நாள் முழுதும் நின்றபடி வேலை செய்யும் துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதே கடைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், கூலி பிடிக்காமல், விளக்கணைத்த அறை ஒன்றில் படுக்க இடம் தர வேண்டும் என்று அடுத்த திருத்தம் கேட்கலாம். அதற்கான சான்று சென்னையிலேயே எடுக்கப்பட்டுக் கையில் இருக்கிறது.